அளவே நோன்பாக: வட தமிழகச் சமண ஊர்களின் வழியே

காஞ்சிபுரத்தில் தொடங்கித் தெற்கே வந்தவாசிக்கு இறங்கி, மேற்கே போளூர்ப் பக்கம் ஒதுங்கி, மறுபடியும் கிழக்கே செஞ்சி வழியாகத் திண்டிவனத்தை நோக்கித் திரும்பும் சாலைகள், நெல்லும் நிலக்கடலையும் விளையும் வயல்களுக்கும் மொட்டைப் பாறைக் குன்றுகளுக்கும் ஊடே செல்பவை. இவற்றின் இருமருங்கும் உள்ள பல சிற்றூர்களில், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழ் மண்ணில் வேரூன்றிய சமண சமயத்தைக் கைவிடாத தமிழ்க் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. பெரும்பாலும் நயினார் என்றும், சில ஊர்களில் முதலியார், உடையார், செட்டியார் என்றும் பட்டப்பெயர் தாங்கிய இவர்கள் திகம்பரப் பிரிவினர். வீட்டில் தமிழ் பேசி, வயலில் ஏர் பூட்டி வந்த உழவர்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் சமணர்கள் 89,265 பேர் எனப் பதிந்தாலும், அந்த எண்ணில் இராசத்தானத்திலிருந்தும் குசராத்திலிருந்தும் வணிகத்துக்காக வந்து குடியேறியோரும் அடங்குவர் என்பதால், மண்ணின் சமணர்கள் அதனினும் குறைவானவர்களே.

சமயம் என்றால் கோயில், விழா, பூசை என்று எண்ணிப் பழகியவர்க்கு இந்த ஊர்கள் வேறொரு காட்சியைத் தருகின்றன. உலகைப் படைத்துக் காத்து அழிக்கும் கடவுள் ஒருவர் உண்டு எனச் சமணம் ஏற்பதில்லை. தீர்த்தங்கரர் எனப்படும் இருபத்துநால்வரும் பிறவிக்கடலைத் தாம் கடந்து பிறருக்கும் துறை காட்டியவர்களேயன்றி, வேண்டியதைக் கொடுப்பவர்களோ பிழை பொறுப்பவர்களோ அல்லர். மனம், மொழி, மெய் ஆகிய மூன்றின் ஒவ்வோர் அசைவும் உயிரின்மேல் வினையாகப் படிகிறது என்பதும், அந்த வினையை அவ்வுயிர் தானே கழித்தாக வேண்டும் என்பதும் இச்சமயத்தின் அடிப்படை. மன்னிப்பதற்கு ஒருவரும் இல்லாத அத்தகைய உலகில், எந்த நேரத்தில் உண்பது, எந்த நீரைக் குடிப்பது, எவ்வளவு பொருளை வைத்துக்கொள்வது என்னும் அன்றாடத் தெரிவுகளே சமயத்தின் உடலாகிவிடுகின்றன. துறவியின் கடுந்தவத்தைக் கண்டு வியப்பவர்கள், இல்லறத்தாருக்கென்று இச்சமயம் வகுத்த அளவுகளின் நுட்பத்தைப் பெரும்பாலும் கவனிக்காமல் விட்டுவிடுகின்றனர். அந்த அளவுகளே இப்பயணத்தில் பின்தொடரத் தக்கவை.

காஞ்சிபுரத்தின் தென்மேற்கு ஓரத்தில், வேகவதி ஆற்றின் மறுகரையில் அமைந்த திருப்பருத்திக்குன்றம், ஒரு காலத்தில் சினகாஞ்சி என வழங்கியது. தீர்த்தங்கரர்களுள் சந்திரப்பிரபருக்கு ஒன்றும், வர்த்தமானராகிய மகாவீரருக்கு ஒன்றுமாக இங்கு இரு கோயில்கள் உள்ளன. வர்த்தமானர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விசயநகர அரசின் அமைச்சரும் படைத்தலைவருமான இருகப்பர் 1387-88-இல் கட்டுவித்தார். அதன் விதானத்தில் ரிசபதேவர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகியோரின் வரலாறுகள் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளன, 1934-இல் டி. என். இராமச்சந்திரன் இக்கோயில்களைப் பற்றி எழுதிய நூல் அவ்வோவியங்களை ஆய்வுலகின் பார்வைக்குக் கொண்டுவந்தது. ஓவியத்தைக் காண வருவோர் பலரும் கடந்துபோகும் ஒன்று, பிராகாரத்தில் நிற்கும் குரா மரம். தன் அளவில் குறையவும் செய்யாது, கூடவும் செய்யாது, அரசனின் செங்கோன்மையைக் காட்டி நிற்கிறது என்று அம்மரத்தைப் பற்றி ஒரு பழைய நம்பிக்கை உண்டு. மரமும் அளவோடு நிற்பதே அறம் எனக் கொண்ட அந்தப் பார்வைதான், இவ்வூர்களின் வாழ்க்கைமுறைக்குள் நுழைவதற்குப் பொருத்தமான வாயில்.

காஞ்சியோடு தொடர்புடையவராகச் சமண மரபு போற்றும் ஆசாரியர் சமந்தபத்திரர். அவர் வடமொழியில் இயற்றிய ரத்னகரண்டக சிராவகாசாரம் இல்லறத்தாரின் ஒழுக்கத்தைத் தொகுத்துக் கூறும் நூல். அதனை அடியொற்றித் தமிழில் எழுந்தது குறள்வெண்பாக்களால் ஆகிய அருங்கலச்செப்பு. சிராவகர் அல்லது சாவகர் என்பது சமண இல்லறத்தாரைக் குறிக்கும் பெயர். துறவிக்கு முழுமையாக விதிக்கப்படும் ஐந்து பெருநோன்புகளும் சாவகருக்கு அணுவிரதங்களாக, அதாவது இல்லறத்தார் தாங்கத்தக்க அளவுக்குச் சிறிதாக்கிய நோன்புகளாகத் தரப்படுகின்றன: கொல்லாமை, பொய் சொல்லாமை, களவு செய்யாமை, பிறர்மனை நயவாமை, பொருளுக்கு வரம்பு கட்டுதல். இவற்றுக்குக் காவலாக மூன்று குணவிரதங்களும் நான்கு சிட்சாவிரதங்களும் சேர்ந்து பன்னிரண்டு ஆகின்றன. ஐந்தாவதாகச் சொல்லப்பட்ட பொருள்வரம்பில் இந்த ஏற்பாட்டின் தனித்தன்மை தெளிவாகத் தெரிகிறது. இவ்வளவு நிலம், இவ்வளவு பொன், இவ்வளவு தானியம் போதும் என்னும் எல்லையை நூல் சொல்வதில்லை. அதைச் சாவகரே தமக்கு வகுத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை வகுத்தபின் அதைத் தாண்டாதிருப்பதுதான் விரதம். எல்லையைத் தானே இடுபவன், அதை ஏன் அங்கே இட்டோம் என்று தன்னிடமே விடை கேட்டுக்கொள்ள நேர்கிறது. மேலிருந்து வரும் கட்டளைக்குப் பணிவதைக் காட்டிலும் அது கடினமானது.

இதே நூல் அடுக்களைக்குள்ளும் நுழைகிறது. கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் விலக்குவது சாவகரின் மூல குணங்களில் அடங்கும். ஊனும் கள்ளும் பிற அற நூல்களிலும் கடியப்படுபவை. தேனையும் அவற்றோடு ஒரே வரிசையில் நிறுத்துவது, தேனடையைப் பிழியும்போது மடியும் உயிர்களைக் கணக்கில் கொள்ளும் சமணத்துக்கே உரியது. பின்வந்த ஆசாரியர்கள் ஆல், அரசு, அத்தி உள்ளிட்ட பால்வடியும் ஐந்து மரங்களின் பழங்களையும், உள்ளே பூச்சிகள் குடியிருப்பதால், தவிர்க்கச் சொன்னார்கள். சமந்தபத்திரர் தரும் இன்னொரு பட்டியல் தமிழ்ச் சமையலறைக்கு மிக அணுக்கமானது: முள்ளங்கி, பச்சை இஞ்சி, வெண்ணெய், வேப்பம்பூ, தாழம்பூ. பயன் சிறிதாகவும் உயிர்ச்சேதம் பெரிதாகவும் இருக்கும் பொருள்களை விடவேண்டும் என்பது அவர் காட்டும் காரணம். கிழங்கு வகையைப் பிடுங்கும்போது செடியின் உயிர் முழுதும் போவதோடு, மண்ணடியில் வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்களுக்கும் அதுவே உடலாக இருக்கிறது என்பது சமணக் கொள்கை; தாழை மடலின் அடுக்குகளிலும் வேப்பம்பூங்கொத்திலும் மொய்க்கும் சிற்றுயிர்களைக் கண்ணாலேயே காணலாம். ஆனால் இஞ்சி உலர்ந்து சுக்கானபின் விலக்கு நீங்குகிறது. ஒரே பொருள் ஒரு நிலையில் தள்ளத்தக்கதாகவும் மற்றொரு நிலையில் கொள்ளத்தக்கதாகவும் அமைவதால், சமைப்பவர் ஒவ்வொரு முறையும் பொருளின் நிலையைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. வெறும் பழக்கத்தின் கையில் அந்த முடிவை ஒப்படைத்துவிட முடிவதில்லை. இன்றைய வீடுகள் அனைத்தும் இப்பட்டியலை முழுமையாகக் கடைப்பிடிக்கின்றன என்று சொல்வது உண்மையாகாது. வெங்காயத்தையும் பூண்டையும் எப்போதும் தொடாத வீடுகள் உண்டு. அட்டமி, சதுர்த்தசி போன்ற பருவ நாள்களில் மட்டும் விலக்கும் வீடுகளும் உண்டு.

இரவு உண்ணாமை இவற்றையெல்லாம்விட வெளிப்படையாகத் தெரியும் நோன்பு. கதிரவன் மறையுமுன் உணவை முடித்துவிட வேண்டும் என்பது பொதுவிதி. நோன்பில் உறுதியுடையோர் மறைவுக்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம் முன்னரே முடித்து, காலையில் கதிர் எழுந்து அதே அளவு கழிந்த பின்னரே வாய் நனைக்கின்றனர். விளக்கொளியில் பூச்சிகள் உணவில் விழும் என்பதும், இருளில் அவற்றைக் காண இயலாது என்பதும் இதன் தோற்றக் காரணங்கள். இது எங்கோ வடக்கிலிருந்து அண்மையில் வந்து சேர்ந்த வழக்கமன்று. சிலப்பதிகாரத்தில், மதுரைப் புறஞ்சேரியில் மாதரியின் அடைக்கலமாகத் தங்கும் கோவலன் சாவக நோன்பி என்பதால், பகற்பொழுதிலேயே அவனுக்கு உணவு ஆக்குவதற்கு வேண்டிய கலங்கள் கண்ணகியிடம் விரைந்து தரப்படுகின்றன. பேரிடர் சூழ்ந்த குடும்பம், ஊர்விட்டு ஊர் வந்து, அயலார் வீட்டில் தங்கியிருக்கும் அந்த நிலையிலும் உணவுக்காலம் பிறழாமல் காக்கப்படுகிறது. அவர்களோடு வழிநடந்த சமணத் துறவி கவுந்தியடிகள் பயணத்தின் தொடக்கத்திலேயே, சோலை வழியே போனாலும் வயல் வழியே போனாலும் காலடியில் என்னென்ன நேரக்கூடும் என்று சொல்கிறார். வயல்வழியில் நண்டும் நத்தையும் மிதிபட்டு மடியும் என்பதும் அவர் கவலைகளுள் ஒன்று. வழிப்போக்கின் இடர்களைச் சொல்லுமிடத்தில் தமக்கு நேரும் துன்பத்தோடு, தம்மால் பிற உயிருக்கு நேரும் துன்பத்தையும் சமமாக நிறுத்தும் அந்தப் பேச்சுக்கு ஈடாக இன்னொன்றைத் தமிழ்ப் பயண இலக்கியத்தில் காண்பது அரிது.

வந்தவாசி வட்டாரத்து ஊர்களில் நீர் வடிகட்டும் முறையைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது பயன் தரும். கெட்டியாக நெய்த பருத்தித் துணியை இரண்டாக மடித்துக் குடத்தின் வாயில் தளர்வாக இட்டு, நடுவில் குழியுமாறு அழுத்தி, கிணற்றிலிருந்து இறைத்த நீரை மெல்ல ஊற்றுகிறார்கள். பிற இடங்களில் வடிகட்டுதல் இத்தோடு முடிந்துவிடும். தூசும் அழுக்கும் துணியில் தங்கின, நீர் தூய்மையாயிற்று என்பதே அங்கு நோக்கம். இங்கோ துணியில் தங்கியது அழுக்கன்று, உயிர். ஆகவே துணியைப் பிழியாமல், உதறாமல் மறுபுறம் திருப்பி, வடிகட்டிய நீரையே அதன்மேல் ஊற்றி, அந்த நீரை எந்தக் கிணற்றிலிருந்து இறைத்தார்களோ அதே கிணற்றில், உயரத்திலிருந்து வீசாமல், நீர்மட்டம் வரை இறக்கி விட வேண்டும். வேறு கிணற்றின் நீர் அந்த உயிர்களுக்கு ஒவ்வாது போகலாம் என்பதால் அந்தக் கட்டுப்பாடு. வடித்த நீரும் இரண்டு நாழிகைக்கே செல்லும். அதன்பின் மீண்டும் வடிக்க வேண்டும். குடிப்பவரின் உடல்நலத்துக்காக எழுந்த ஏற்பாடு இது என்று இக்காலத்தில் விளக்கம் தருவோர் உண்டு. அந்த விளக்கம் நோன்பின் பாதியை விட்டுவிடுகிறது. உடல்நலம் ஒன்றே நோக்கமாயின் துணியில் எஞ்சியதைத் தரையில் கொட்டிவிடலாமே. குழாய்நீரும் ஆழ்துளைக் கிணறும் வந்தபின், குழாய் வாயில் துணி கட்டுவது எளிதாகிவிட்டது. ஆனால் எஞ்சியதைத் திருப்பி விடுவதற்கான இடம் இல்லாமற் போய்விட்டது. இம்மாற்றத்தில் ஒரு நோன்பின் எளிய பாதி நிலைத்து, அருமையான பாதி நழுவுவதை நோன்பாளிகளே வருத்தத்தோடு உணர்கிறார்கள்.

உயிர்களிடத்து இத்துணை நுட்பமான கவனம் கொண்ட சமூகம் உழவைத் தொழிலாகக் கொண்டது எவ்வாறு என்னும் கேள்வி இவ்விடத்தில் தவிர்க்க இயலாதது. இந்தியாவின் பிற பகுதிகளில் சமணர்கள் பெரும்பாலும் வணிகத்தை நாடினர் என்பதும், ஏர்முனை மண்ணைக் கிழிக்கும்போது மடியும் உயிர்களை எண்ணினால் வணிகமே தூயது என்பதும் அடிக்கடி கூறப்படுவது. தமிழ்ச் சமணர்கள் அவ்வழியில் செல்லவில்லை. சமண நூல்கள் உயிர்க்கேட்டை நான்காகப் பிரிக்கின்றன: கொல்ல வேண்டும் என்றே எண்ணிச் செய்வது, சமைத்தல், பெருக்குதல் போன்ற இல்லப்பணிகளில் நேர்வது, பிழைப்புக்கான தொழிலில் நேர்வது, தன்னையும் பிறரையும் காக்கும்போது நேர்வது. துறவி நான்கையும் விட வேண்டியவர். சாவகர் முதலாவதை முற்றிலும் விட்டு, ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டியவர். இப்பகுப்பின்படி உழவு மூன்றாவது வகையில் அடங்குகிறது. ஊன்விற்பனையும் வேட்டையும் அவ்வாறு அடங்குவதில்லை.

இந்தப் பகுப்புக்குப் பின்னால் இருக்கும் சிந்தனையை வந்தவாசிக்குத் தென்மேற்கே உள்ள பொன்னூர் மலையில் நின்று எண்ணிப்பார்க்கலாம். பச்சைக் குன்றின் உச்சியில் பாறையில் செதுக்கப்பட்ட இரு திருவடிகள், திகம்பர மரபின் தலையாய ஆசாரியர்களுள் ஒருவரான குந்தகுந்தருடையவை எனப் போற்றப்படுகின்றன. அவரே ஏலாசாரியர் என்றும், திருக்குறளை யாத்தவர் என்றும் தமிழ்ச் சமணர் மரபு நம்புகிறது. அதை ஏற்காத அறிஞர்கள் பலர் உளர். அவருடைய பிரவசனசாரம் கூறும் கருத்து ஒன்று இவ்வயல்வெளிகளுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. உயிர் மடிந்தாலும் மடியாவிட்டாலும், கவனமற்று நடப்பவன் கொலைக்கு உரியவனாகிறான். விழிப்போடு நடப்பவனுக்கு, எதிர்பாராமல் நேர்ந்த உயிரிழப்பால் மட்டும் அந்த வினை ஒட்டுவதில்லை. பாவத்தின் அளவுகோல் மடிந்த உயிர்களின் எண்ணிக்கையிலிருந்து மனத்தின் விழிப்புக்கு இங்கே இடம் மாறுகிறது. இதைச் சலுகை என்று கொள்வது தவறு. எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டிவிடலாம், விழிப்பில்லாததை விழிப்பாகத் தனக்குத்தானே காட்டிக்கொள்ள முடியாது. பூச்சிக்கொல்லி தெளிக்கும் இன்றைய உழவு இந்தப் பகுப்பை இன்னும் கடுமையான சோதனைக்கு உள்ளாக்குகிறது. ஏர் ஓட்டுபவரின் நோக்கம் மண்ணைப் பண்படுத்துவது, உயிர்க்கேடு அதன் விளைவு. மருந்து தெளிப்பவரின் நோக்கமோ பூச்சியைக் கொல்வதே. அது தொழில்வழி நேர்வதா, எண்ணிச் செய்வதா என்னும் கேள்விக்கு விடை பழைய நூல்களில் ஆயத்தமாக இல்லை. அதை எழுப்பும் மொழியை மட்டும் அந்நூல்கள் கொடுத்திருக்கின்றன.

வந்தவாசியிலிருந்து மேற்கே சென்றால் போளூர் வட்டத்துத் திருமலை வருகிறது. குன்றின் அடிவாரத்திலும் இடைப்பகுதியிலுமாக அமைந்த கோயில் தொகுதிக்கு, இராசராச சோழனின் தமக்கை குந்தவையின் பெயரால் குந்தவை சினாலயம் என்ற பெயர் உண்டு. சைவப் பேரரசின் இளவரசி ஒருத்தி சமணப் பள்ளிக்குத் தன் பெயரைத் தந்திருப்பது, சமயங்களிடையே மோதல் ஒன்றையே கண்டு பழகிய வரலாற்றெழுத்துக்கு நல்ல மாற்று. குன்றின் பாறையில் இராசேந்திர சோழனின் கல்வெட்டு உள்ளது. ஈழம் முதல் கங்கை வரை அவன் வென்ற நாடுகளை நெடுக அடுக்கிச் செல்லும் அந்த மெய்க்கீர்த்தி, முடிவில் வணிகர் ஒருவரின் மனைவி இக்கோயிலில் நந்தாவிளக்கு எரிக்கவும் திருவமுது படைக்கவும் பொருள் தந்த செய்தியில் வந்து நிற்கிறது. திசையெல்லாம் வென்றவனின் புகழும் ஓர் இல்லத்தரசியின் அளவான கொடையும் ஒரே பாறையைப் பகிர்ந்துகொள்கின்றன.

சாவகரின் பன்னிரு விரதங்களுள் திசைவிரதம் என்று ஒன்று உண்டு. கிழக்கில் இந்த ஆறு வரை, மேற்கில் இந்த மலை வரை, இதற்கப்பால் வாழ்நாள் முழுதும் போவதில்லை என்று நாற்புறமும் மேலும் கீழும் எல்லை வகுத்துக்கொள்வது அது. கடல், ஆறு, காடு, மலை, நாடு, இத்தனை யோசனைத் தொலைவு ஆகியவற்றை எல்லைக்குறிகளாகக் கொள்ளலாம் என்று சமந்தபத்திரர் கூறுகிறார். அந்த எல்லைக்கு வெளியே உள்ள உயிர்களுக்குத் தன்னால் எந்தத் தீங்கும் இனி நேராது என்பதால், எல்லைக்கு அப்பாற்பட்ட உலகைப் பொறுத்தவரை அந்த இல்லறத்தான் துறவிக்கு நிகராகிறான் என்பது இதன் தத்துவம். அரசர்கள் திசைகளை வெல்லப் புறப்பட்ட காலத்தில் குடிகளில் ஒருவர் திசைகளை விட்டுக்கொடுக்கும் நோன்பை ஏற்றார் என்பது, மெய்க்கீர்த்தி பொறித்த இப்பாறையின் முன் நிற்கும்போது ஆழமாக உறைக்கிறது. பயணத்தை எப்போதும் நன்மையாகவே கருதும் இக்காலத்துக்கு, செல்லக்கூடிய இடத்துக்குச் செல்லாதிருப்பதும் ஒரு சமயச்செயல் என்னும் எண்ணம் அயலாகத் தோன்றலாம். ஆயினும், தொலைநிலங்களுக்குச் செல்லும் ஒவ்வொரு வணிகமும் அங்குள்ள நீரையும் மண்ணையும் தொட்டே தீர்கிறது என்பதை அறிந்த இக்காலமே அதை நன்கு புரிந்துகொள்ளவும் கூடும்.

திருமலையின் பாறையில் ஓங்கி நிற்கும் நேமிநாதர் திருவுருவம் தமிழகத்துச் சமணச் சிற்பங்களுள் மிக உயர்ந்ததாகக் கருதப்படுவது. சிகாமணிநாதர் என்பது இங்கு அவருக்கு வழங்கும் பெயர். மணமகனாகத் தேரேறிச் சென்ற நேமி, தம் திருமண விருந்துக்காக அடைத்து வைக்கப்பட்டிருந்த விலங்குகளின் கதறலைக் கேட்டு, அங்கிருந்தே தேரைத் திருப்பித் துறவு பூண்டார் என்பது சமண புராணம். கேட்டவர் வேறு எவராயினும் விலங்குகளை அவிழ்த்துவிடச் சொல்லி மணத்தைத் தொடர்ந்திருக்கலாம். அவரோ, தம் மகிழ்ச்சியின் ஓரத்தில் என்ன நடக்கிறது என்பதை அறிந்தபின் அம்மகிழ்ச்சியையே ஏற்க முடியாதவரானார். இல்லறத்தார்க்கு அத்துணை தூரம் செல்லுமாறு விதியில்லை. ஆனால் விருந்து வைக்கும் ஒவ்வொரு முறையும், அது எவ்வாறு ஆயத்தமாகிறது என்று கேட்டறியும் கடமையை அந்தக் கதை அவர்கள் தோளில் ஏற்றிவிடுகிறது.

செஞ்சிக்கு அருகில் உள்ள திருநாதர்குன்றில் அளவு வேறொரு வடிவத்தை அடைகிறது. தனித்து நிற்கும் பெரும்பாறையின் முகத்தில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் இரு வரிசையாகப் புடைப்புச் சிற்பங்களாக அமர்ந்திருக்க, அருகே உள்ள மிகப் பழைய கல்வெட்டு ஒன்று, சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உணவு துறந்து உயிர்நீத்த இடம் இது என்கிறது. இளையபட்டாரர் என்பவர் 30 நாள் நோன்பிருந்ததைப் பிறிதொரு கல்வெட்டு கூறுகிறது. சல்லேகனை எனப்படும் இந்நோன்பு, முதுமையோ தீராநோயோ வந்து உடல் அறத்துக்குத் துணையாக இயலாத நிலையில், உணவைப் படிப்படியாகக் குறைத்து அமைதியோடு உயிர் துறத்தல். இராசத்தான் உயர்நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் இதைத் தற்கொலையாகக் கருதிக் குற்றம் என்று தீர்ப்பளித்தது. அதே மாத இறுதியில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்புக்குத் தடை விதித்தது. வாழ்நாளெல்லாம் ஒவ்வொரு கவளத்தையும் அளந்து உண்ட ஒருவருக்கு, இறுதிக் கவளத்தை வேண்டாம் என்பது அதே அளவையின் தொடர்ச்சி. முதியவரை உற்றார் வற்புறுத்தக்கூடும் என்னும் அச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் சினத்தாலும் துயராலும் நொடியில் மாய்த்துக்கொள்வதையும், ஆசிரியரின் இசைவோடு, எந்த நாளிலும் நிறுத்திக்கொள்ளும் உரிமையோடு இயற்றும் நோன்பையும் ஒரே சொல்லில் அடைப்பது இரண்டையும் புரிந்துகொள்ளாமையே.

செஞ்சியைப் பற்றிச் சமணரிடையே வழங்கும் ஒரு கதை 1906-இல் வெளியான தென்னார்க்காடு மாவட்டக் கெசட்டியரிலும் இடம்பெற்றுள்ளது. 1478-இல் செஞ்சியை ஆண்ட தலைவன் ஒருவன் சினங்கொண்டு சமணரைக் கொன்று குவித்தான் என்றும், அச்சத்தால் பலர் திருநீறு அணிந்து சைவராயினர் என்றும், எஞ்சியோர் மறைவில் தம் சமயத்தைக் காத்தனர் என்றும் அக்கதை கூறுகிறது. திண்டிவனத்தை அடுத்த வேலூர் என்னும் சிற்றூரில் ஒருவர் குளக்கரையில் தம் முறைப்படி வழிபட்டபோது பிடிபட்டு, அன்று அத்தலைவனுக்கு மகன் பிறந்ததால் உயிர்பிழைத்து, சிரவணபெளகொளா சென்று கற்றுத் துறவியாகி வீரசேனாசாரியர் எனப் பெயர் பெற்றார். தாயனூர் காங்கேய உடையார் என்பவர் அவரை அழைத்துவந்து, நீறு பூசியவர்களை மீண்டும் சமணத்துக்குத் திருப்பினார். வரலாற்றுச் சான்றாக இக்கதையைக் கொள்ள இயலாவிடினும், அது எதை நினைவில் வைத்திருக்கிறது என்பது கருதத்தக்கது. பெரிய கோயில்களையோ வாதங்களையோ விட்டுவிட்டு, நீர்நிலையருகே ஒருவர் கைவிட இயலாத அன்றாடச் செயலையே சமயத்தின் உயிர்நாடியாக அது கொள்கிறது. ஆபத்து என்று தெரிந்தும் அந்த மனிதர் குளக்கரைக்குச் சென்றது தியாகியாகும் விருப்பத்தால் அன்று. அதைச் செய்யாமல் அவரது பொழுது புலராது என்பதால்தான்.

மேல்சித்தாமூர் செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட சிற்றூர். தமிழ்ச் சமணரின் தலைமை மடமாகிய சினகாஞ்சி மடம் இன்று இங்குதான் உள்ளது. மடத்தின் தலைவராகிய பட்டாரகர், முழுத்துறவிக்கும் இல்லறத்தாருக்கும் இடைப்பட்ட நிலையில், ஆடை அணிந்து சமூகத்தை வழிநடத்துபவர். உயர்ந்த கோபுரமும் மானத்தம்பம் என்னும் தூணும் கொண்ட பார்சுவநாதர் கோயிலைக் காட்டிலும் பழையது, பாறையில் பாகுபலி, பார்சுவநாதர் முதலானோரைச் செதுக்கி அமைத்த மலைநாதர் கோயில். மடம் காத்துவந்த செல்வங்களுள் ஏட்டுச்சுவடிகள் முதன்மையானவை. சமணர்கள் சுவடிகளைக் காத்ததோடு படித்தும் வந்தனர்: சமணக் காப்பியமாகிய சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், அதன் சமணக் கருத்துகளுக்கு விளக்கம் தேடிக் கும்பகோணத்துச் சமணர்களிடம் சென்றபோது, தமக்கு விளங்காதிருந்த அந்நூலை அவர்கள் வீட்டில் வைத்து முறையாகப் படித்துவருவதைக் கண்டார். காப்பியத்தைப் படித்து முடிப்பதே அவர்களுக்கு ஒரு நோன்பாக இருந்ததால்தான், சொற்பொருள் தெரிந்தவர்கள் அந்நாள்வரை எஞ்சியிருந்தார்கள். தமிழ் இலக்கிய உலகம் இந்தக் கடனை இன்னும் உரியவாறு உணரவில்லை.

தம் இலையை அளப்பதோடு நின்றுவிடாமல், ஊரின் படையலையும் மாற்ற முயன்றவர் தமிழ்ச் சமணரான சீவபந்து டி. எஸ். ஸ்ரீபால். கோயில்களில் விலங்குகளைப் பலியிடுவதற்கு எதிராக ஊர் ஊராகச் சென்று பேசிய அவரது நெடிய உழைப்பு, 1950-ஆம் ஆண்டின் சென்னை விலங்குகள், பறவைகள் பலித் தடைச் சட்டத்துக்கு வழிவகுத்த முயற்சிகளுள் முக்கியமானது. அரை நூற்றாண்டுக்குப்பின், 2003-இல் அச்சட்டத்தைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த அரசு முனைந்தபோது நாட்டார் தெய்வ வழிபாட்டினரின் எதிர்ப்பு எழுந்தது. 2004-இல் சட்டமே நீக்கப்பட்டது. ஸ்ரீபாலின் இரக்கம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆனால் அணுவிரதம் எனும் ஏற்பாடு, எல்லையை அவரவரே இடுவதால் நிலைத்தது. பிறர்மேல் இட்ட எல்லை, எதிர்ப்பு எழுந்ததும் பெயர்ந்தது. அவர் ஊர்களில் நின்று பேசிய பேச்சைக் கேட்டுத் தாமே பலியைக் கைவிட்டவர்களின் மாற்றம் சட்டத்தைவிட மேலானது என்றே கருத வேண்டியுள்ளது.

மேல்சித்தாமூர்த் தேர்விழாவுக்குத் திரளும் குடும்பங்களில் பலர் இன்று சென்னையிலும் பிற நகரங்களிலும் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் பணிபுரிபவர்கள். மாலை ஆறு மணிக்குள் வீடு திரும்ப இயலாதவர் இரவுணவை எங்ஙனம் விடுவது, விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் எந்த நீரை வடிப்பது என்பவை அவர்களின் உண்மையான கேள்விகள். சிலர் சிற்றுண்டியைக் கட்டிக்கொண்டு போய் அலுவலகத்திலேயே பொழுது சாயுமுன் உண்கிறார்கள்; சிலர் பருவ நாள்களிலும், பாத்திரபத மாதத்தில் வரும் தசலட்சணப் பருவத்தின் பத்து நாள்களிலும் மட்டும் கடைப்பிடிக்கிறார்கள். இதை நோன்பின் தேய்வு என்று மூத்தோர் சிலர் வருந்துவது இயல்பே. ஆயினும் சிட்சாவிரதங்களுள் முதலாவதாகிய தேசாவகாசிகம் இதற்கு நூல்வழியே இடமளிக்கிறது. திசைவிரதத்தில் வாழ்நாளுக்கென இட்ட எல்லையை, ஓர் ஆண்டுக்கோ ஒரு மாதத்துக்கோ ஒரு பக்கத்துக்கோ, வீடு, தெரு, வயல் எனச் சுருக்கிக்கொள்வது அந்த விரதம். காலவரம்புள்ள நோன்பும் நோன்பே என்று சமந்தபத்திரர் வகுத்த இந்த வழியில், அந்த மகள் தசலட்சண நாள்களில் மட்டும் விடுதிக் குழாயில் துணி கட்டுவாளாயின், எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று தொடங்குமுன்பே தனக்குள் உறுதி செய்துகொண்டால் போதும், அவளும் சாவகியே.